சத்தமுள்ள மோட்டார்

அந்தக் காதுல சொருகிருக்கத எடு மக்களே. நல்ல காதுக்கு எதுக்கு அடைப்பு? எடுத்துட்டியா, கொள்ளாம். இந்த எடத்துல யாராவது இருக்காவளா? இல்லன்னா நான் இருக்கேன். என்ன? சத்தமாச் சொல்லு. இப்பம் உள்ள பிள்ளைகளுக்கு வாய்க்குள்ளயே பேசிப் பேசிப் பழகிப் போச்சு. எனக்க மருமகளும் இப்பிடித்தான், உதட்ட மட்டும் அசைப்பா, சத்தம் அவளுக்க தொண்டைக்குள்ளயே கெடக்கும்.

வண்டிய இன்னும் எடுக்கல்லியா? டிரைவரு ஏறி இருந்தாச்சு, இஞ்சின் சத்தத்தக் காணோம். ஓடுதா? எப்பம்லருந்து? ஓ, ஆமா ஆமா, கால்ல தெரியுது, அதிருது. இப்பம் எல்லாத்தையும் சத்தமில்லாமத்தான் செஞ்சு விடுதானுவ. பஸ்ஸு, காரு, மிக்சி எல்லாம். வள்ளத்துக்குப் பின்னால மாட்டுற மோட்டாரையும் அப்பிடி ஆக்கிட்டானுவ. அதுலதான் எங்க வீட்டுல நாலு மாசமாச் சண்டை. எனக்க பேரு வியாகுலம். மணக்காட்டுத்துறையில குருசடிக்குப் பக்கத்து வீடு. எங்க ஊர்ல யாருட்ட வேணும்னாலும் கேளு, மோட்டார் வாங்கின விசயத்துல யாருக்க பக்கம் நியாயம்னு. எல்லாவனும் எனக்க மகனுக்க பக்கம்னு சொல்லுவான். அதனாலதான் ஒங்கிட்ட சொல்லுதேன். நீ வெளியூரு, நியாயமாக் கேப்ப.

எங்களுக்கு ஒரு வள்ளம் உண்டு, சகாயமாதான்னு பேரு. பிளைவுட்டுல செஞ்சு மேல பைபர் பூசினது. பதினாலு வருசம் ஆச்சு. எனக்க வீட்டுக்காரரு செல்லப்பிச்சையும் மகன் ஜெரால்டும் கூலிக்கு ரெண்டு பேருமா அதுலதான் தொழிலுக்குப் போறது. அதுல ஒரு மோட்டார் இருந்துது பாரு, அது மோட்டாரு. மண்ணெண்ணெய்ல ஓடும். பெட்ரோல விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடு பிடிச்ச உடனே மண்ணெண்ணெய்க்கு மாத்திவிடணும். கயித்தச் சுத்தி ஒரே இழுப்பு. அப்பம் ஒரு சத்தம் வரும். டர்ர்ர்-டக். டர்ர்ர்-டக். மூணாவது சத்தத்துல மட்டும் ஒரு சின்ன நொண்டல். டர்ர்ர்-டக், டர்ர்ர்-டக், டர்ர்-டடக்!

என்ன எல்லாரும் திரும்பிப் பாக்குதாவ? நான் பையத்தானே சொன்னேன்.

எங்க கடப்புறத்துல ஒரு வழக்கம் உண்டு. காலையில எட்டு, ஒம்பது மணிக்கு வள்ளமெல்லாம் வந்து அணையும். பொம்பளைங்க நாங்க கூடைய வச்சிட்டு மணல்ல இருப்போம். ஆனி ஆடி மாசத்துல சாரல் விழுந்துதுன்னா கடலு வெள்ளையாக் கெடக்கும், பத்தாள் தூரத்துக்கு அப்பால ஒண்ணும் தெரியாது. வள்ளம் கண்ணுக்கு வாறதுக்கு முன்னால சத்தந்தான் வரும். அந்தச் சத்தத்த வச்சி இது இன்னாருக்க வள்ளம்னு சொல்லணும். சொன்ன உடனே அந்த வீட்டுக்காரி ஓடிப்போயி ஏலக்காரனக் கையோட கூட்டிட்டு வந்து நிறுத்தணும். முதல்ல ஏலத்துக்கு வாற மீனுக்குத்தான் மவுசு. அசந்துட்டேன்னு வையி, பக்கத்து வள்ளத்துக்காரி கொண்டு போயிருவா. மனசிலாச்சா?

அதுல எங்க துறையிலயே நான்தான் ஆளு. "வியாகுலம் மைனி, அது யாருக்க வள்ளம்?"னு எல்லாவளும் எங்கிட்டதான் கேப்பா. நான் கண்ண மூடிட்டுச் சொல்லுவேன். அது தொம்மைக்க வள்ளம். அது மிக்கேலுக்க வள்ளம், தண்ணியத் தள்ளுற விசிறியில வலை சுத்திருக்கு, அதான் இழுத்து இழுத்து வருது. இருபத்தஞ்சு வருசத்துல ஒரு மட்டம் கூடத் தப்பினதில்ல. ஒரே ஒரு மட்டம் தப்பிச்சு, அது வெளியூரு வள்ளம், அது கணக்குல வராது.

இப்பம் ஸ்கொலாஸ்டிகான்னு ஒரு சின்னப் பொண்ணு கெடந்து சொல்லுதா. எனக்கு முன்னாலயே கத்திருவா. நான் வாயத் திறக்கதுக்குள்ள, "சேவியர் மாமாக்க வள்ளம்!"னு நாலு வீட்டுக்குக் கேக்க ஒரு கூப்பாடு. பெரியவங்களுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? எனக்குத் தெரியாமலா இருக்கு? பொறுத்திருந்து, ஒறுதியான பெறவு சொல்லுதது எனக்க வழக்கம். இப்பம் ரெண்டு வருசமாக் கொஞ்சம் கூடுதலாப் பொறுக்குதேன், அவ்வளவுதான்.

அந்தப் பழைய மோட்டார் இந்த வைகாசிக் கடைசியில போயிட்டு. நடுக்கடல்ல பிஸ்டன் இறுகி நின்னு போச்சு. வேற ஒரு வள்ளம் கயிறு கட்டி இழுத்துட்டு வந்துது. மெக்கானிக் தாசையன் வந்து கழத்திப் பாத்தான். "மைனி, இதுக்கு நான் செய்ய வேண்டியது எல்லாம் செஞ்சு முடிச்சாச்சு. இனி நீங்க புதுசு பாருங்க"ன்னு சொல்லிட்டான். எனக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு மக்களே. பதினோரு வருசம் எனக்க புருசனையும் பிள்ளையையும் கொண்டு போயி, கொண்டு வந்து கரையில விட்ட சாதனம்லா அது.

அப்பம் பாத்து மகனுக்க சேக்காளி ஒருத்தன் வந்தான். அவனுட்ட கூடுதலா ஒரு பெட்ரோல் மோட்டார் உண்டு, நாலு ஸ்ட்ரோக்கு. "சும்மா கொண்டு போயி ஒரு மாசம் ஓட்டிப் பாருங்க, பிடிச்சா இதே மாதிரி ஒண்ணு வாங்குங்க"ன்னு குடுத்தான். ஜெரால்டு அத மாட்டி ஒரு நாள் கடலுக்குப் போயிட்டு வந்து ஒரே புகழ்ச்சி. புகை இல்லியாம். கை நடுங்கலியாம். எண்ணெய் பாதிதான் குடிக்குதாம். "சத்தமே இல்ல தெரியுமாம்மா, நடுக்கடல்ல வச்சி அப்பா சாதாரணமாப் பேசுதாரு, எனக்குக் கேக்குது"ன்னான். அப்பமே எனக்கு மனசுக்குப் பிடிக்கல. மோட்டாரு போற வழிக்குப் பேசிட்டுப் போறதுக்கா கடலுக்குப் போறது?

அந்த ஒரு நாளச் சொல்லுதேன், நீயே சொல்லு பெறவு.

ஆனி பாதி. சாரல் பிடிச்சு அடிக்குது. நான் எப்பமும் இருக்கிற எடத்துல இருக்கேன், தலையில ஒரு பிளாஸ்டிக் சாக்கப் போட்டுட்டு. ஒவ்வொரு வள்ளமா வந்துது. தொம்மை வந்தாச்சு. மிக்கேலு வந்தாச்சு. சேவியரு வந்தாச்சு. எங்க வள்ளத்த மட்டும் காணல. நான் ஜெபமாலைய எடுத்தேன். பக்கத்துல இருந்தவளுவ ஒவ்வொருத்தியா மீனெடுத்துட்டுப் போயிட்டாளுவ. ஸ்கொலாஸ்டிகா போகும்போது எனக்க மூஞ்சிக்கு நேரா என்னமோ வாயசைச்சா, கையக் கெழக்க காட்டினா. ஜெபம் சொல்லும்போது ஒருத்தி வந்து பேசலாமா? நான் தலையக் குனிஞ்சிட்டேன். எனக்க காதுல அலைச்சத்தம் கூட விழல. எனக்க மனசு அப்பிடி அடைச்சுப் போச்சு.

மக்களே, எனக்க மூத்த அண்ணன் இப்பிடித்தான் போனான். எல்லா வள்ளமும் வந்துது, அவனுக்க வள்ளம் மட்டும் வரல. அப்பம் எனக்குப் பதினாறு வயசு. அன்னைக்கு எங்கம்மைக்க பக்கத்துல மணல்ல இருந்தவ நான். அந்த இருப்பு எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும். ஆனில அன்னைக்கு அதே இருப்பு இருந்தேன். அம்பத்து மூணு மணி ஜெபமாலையில எத்தனாவது மணியில நிக்குதேன்னு கூடத் தெரியல.

அப்பம் ஒரு கை பின்னாலருந்து தோள்ல தொட்டுது. திரும்பிப் பாக்கேன், அவரு நிக்குதாரு. நனைஞ்சு போயி, துவர்த்துத் துண்டத் தலையில கட்டிட்டு. "ஏட்டி வியாகுலம், எத்தன மட்டம் கூப்பிடுதேன்"ங்காரு. நீரோட்டம் இழுத்துதாம், கெழக்க கல்லுக்கட்டுக்குப் பக்கத்துல வள்ளத்த அணைச்சாவளாம். வந்து அரை மணிக்கூர் ஆச்சாம். மீன ஏலம் போட்டு முடிச்சாச்சாம்!

அரை மணிக்கூர் மக்களே. எனக்க புருசன் உயிரோட கரையில நின்னு மீன் வித்துட்டிருக்காரு, நான் இங்க அரை மணிக்கூர் விதவையா இருந்திருக்கேன். கூடைய எடுத்து அவருக்க முதுகுலயே வச்சேன் ரெண்டு. அவரு தடுக்கல. கூடைய வாங்கி இடுப்புல வச்சிட்டு எனக்க கையப் பிடிச்சிக் கூட்டிட்டுப் போனாரு, கல்யாணத்தன்னைக்குப் பிடிச்ச மாதிரி. கடப்புறமே பாக்குது. எனக்கு வெக்கமாப் போச்சு.

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். இந்தச் சவத்து ஊமை மோட்டாரு எங்க வள்ளத்துல ஏறப்படாது.

ஜெரால்டு விடுவானா? ராத்திரிச் சோத்துக்கு முன்னால இருந்து தொடங்கிட்டான். அப்பாவுக்கு இருமல் இருக்கு, மண்ணெண்ணெய்ப் புகை ஆகாது. கைப்பிடி அதிர்ந்து அதிர்ந்து அப்பாவுக்க வலது கை மரத்துப் போவுது. மண்ணெண்ணெய் கிடைக்கதும் முன்ன மாதிரி இல்ல. எல்லாம் வரிசையாச் சொன்னான், படிச்சவன்லா. நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "லே, அந்த மோட்டாருக்க கனம் என்ன, பழசுக்க கனம் என்ன?" நாலு ஸ்ட்ரோக்கு கனம் கூடுதல். எங்க வள்ளத்துக்குப் பின்பக்கம், அமரம்னு சொல்லுவோம், அதுல பலகைய ரெண்டு மட்டம் மாத்தி அடிச்சிருக்கு. அதுல கனத்தத் தூக்கித் தொங்கவிட்டா என்ன ஆகும்? பின்பக்கம் தாழும், அலை அடிச்சா தண்ணி ஏறும். நான் வள்ளத்துல போகாதவதான். ஆனா அந்தப் பலகைக்கு ஆணி அடிக்கும்போது மறுபக்கம் கல்ல வச்சித் தாங்கிப் பிடிச்சது யாரு? நான்.

"அதுக்கு இன்னொரு பலகை வச்சி பைபர் அடிச்சாப் போதும்மா"ன்னான். பாத்தியா? அவனுக்கு எல்லாத்துக்கும் ஒரு மறுபடி இருக்கு. ஆனா நான் சொன்னது பொய்யில்லன்னு அவனே ஒத்துக்கிட்ட மாதிரித்தானே. தாசையன்கூடச் சொன்னான், "மைனி சொல்லுததுல காரியம் உண்டு"ன்னு. அதுக்குப் பெறவு, "ஆனா இப்பம் எல்லாரும் பலகை வச்சித்தான் மாட்டுதாவ"ன்னும் சொன்னான். அந்தப் பின்பகுதிய நான் பெருசா எடுத்துக்கிடல.

குளச்சல்ல ஒரு கடைக்குப் போனோம், நாங்க மூணு பேரும் தாசையனும். நான் ஒரு கயிறு கொண்டு போனேன். அமரத்துப் பலகைக்க உயரத்த அளந்து முடிச்சுப் போட்ட கயிறு. மோட்டாருக்குக் கால் நீளம்னு ஒண்ணு உண்டு, அது பலகைக்குப் பொருந்தணும். நீளம் கூடிப்போச்சுன்னா மணல்ல இடிக்கும், குறைஞ்சு போச்சுன்னா விசிறி தண்ணியப் பிடிக்காது. ஆம்பளைங்க மூணு பேரு வந்தாவ, ஒருத்தனாவது அளவெடுத்துட்டு வந்தானா? கடைக்காரன் எங்க வீட்டுக்காரரப் பாத்தே பேசுதான். "மோட்டார் யாருக்குண்ணே?"ங்கான். நான் கயித்த அவனுக்க மேசையில வச்சேன். "எனக்கு"ன்னேன். அப்பந்தான் எனக்கும் ஒரு ஸ்டூலு போட்டான்.

அந்தக் கடைக்குப் பின்னால ஒரு பெரிய நீல டிரம் நிறைய தண்ணி வச்சிருக்கான். மோட்டார அதுக்க வாயில மாட்டி, விசிறி தண்ணிக்குள்ள முங்கி நிக்கும்படி வச்சி ஓட்டிக் காட்டுவானுவ. முதல்ல நாலு ஸ்ட்ரோக்க மாட்டினான். பளபளன்னு இருந்துது, இல்லன்னு சொல்லல. நான் நின்னு பாக்கேன், பாக்கேன். தண்ணி குமிளி விட்டுது.

"சரி, ஸ்டார்ட் பண்ணு, பாப்போம்"னேன்.

கடைக்காரன் தாசையனப் பாத்தான். தாசையன் ஜெரால்டப் பாத்தான்.

"ஓடிட்டுத்தான் இருக்கு மைனி"ன்னான் தாசையன்.

நான் கையக் கொண்டு டிரம்முல வச்சேன். ஆமா, அதிருது. எனக்கு வந்துதே ஒரு கோவம், கூடவே ஒரு சந்தோசம். நான் இத்தன நாளு சொன்னதுக்குச் சாட்சி கிடைச்சிட்டுல்லா! "பாத்தியளா? கையெட்டுற தூரத்துல நிக்குதேன், எனக்கே கேக்கல. சாரலுக்குள்ள அரை மைல் தூரத்துல வந்தா எப்பிடிக் கேக்கும்? இதத்தானே நான் வீட்டுல வச்சி ரெண்டு வாரமாச் சொல்லுதேன்?"னேன். தாசையன் டிரம்முத் தண்ணியக் குனிஞ்சு பாத்தான். நான் கேட்ட கேள்வி அப்பிடி.

ஜெரால்டு, "அம்மா, ஒனக்கு..."ன்னு என்னமோ தொடங்கினான். அவரு அவனுக்க கையப் பிடிச்சு அமத்தினாரு. "நீ சும்மா இரு லே"ன்னாரு. அது எனக்கு நல்லாக் கேட்டுது, கேட்டியா? கேக்க வேண்டியது எனக்குக் கேக்கும்.

பெறவு மண்ணெண்ணெய் மோட்டார மாட்டினான். ரெண்டு ஸ்ட்ரோக்கு, கனம் குறைவு, எனக்க கயித்துக்குச் சரியான கால். கயித்த இழுத்தான் பாரு, கடை முழுக்கப் புகை. கடைக்காரன் காதப் பொத்திட்டான். பக்கத்துத் துணிக்கடைக்காரன் வெளிய வந்து கையாட்டி என்னமோ ஏசுதான். தெருவுல நின்ன ஒரு நாய் எழுந்து ஓடிப் போச்சு. நான் கண்ண மூடிக் கேட்டேன். வந்துது மக்களே. தூரத்துல எங்கயோ இருந்து வாறது மாதிரி, ஆனா வந்துது. டர்ர்ர், டர்ர்ர்னு. "கொஞ்சம் பையத்தான் கேக்குது. ஆனா மோசமில்ல. இது போதும்"னேன்.

கண்ணத் திறந்து பாத்தா, அவரு மோட்டாரப் பாக்கல. என்னத்தான் பாத்துட்டு நிக்குதாரு. முப்பத்தினாலு வருசத்துல அவரு என்ன அப்பிடிப் பாத்ததே இல்ல. புகையில கண்ணு கலங்கி வேற இருந்துது. பொம்பள ஒருத்தி இவ்வளவு ஆராஞ்சு மோட்டார் எடுக்காளேன்னு மலைச்சுப் போயிட்டாரு போலன்னு நான் நெனச்சேன். பெறவு, "இதே போதும். இதக் கட்டுங்க"ன்னாரு.

ஜெரால்டு குதிச்சான். "ஒங்களுக்க நெஞ்சுக்கு இது ஆகாதுப்பா, ஒங்களுக்கும் தெரியும்லா"ன்னான். அவரு, "ஒனக்கு மனசிலாகாதுலே. ஒனக்க அம்மைக்குக் கேக்கணும்"னாரு. அவ்வளவுதான். நான் ஜெயிச்சிட்டேன். கனம், அளவு, சத்தம், எல்லாத்தையும் எடுத்துச் சொல்லி ஜெயிச்சேன். சும்மா அழுது ஜெயிக்கல, தெரிஞ்சுக்க.

பங்குச் சாமியார் வந்து மோட்டார மந்திரிச்சாரு. நல்ல பிரசங்கம் வச்சாருன்னு எல்லாரும் சொன்னாவ. எங்க கோயில் மைக்கு கொஞ்ச காலமாச் சரியில்ல, எனக்கு ஒண்ணும் பிடி கிடைக்கல.

ஆடி முழுக்கப் புது மோட்டாருல போனாவ. நான் கேட்டேன். சரியாத்தான் கேட்டேன். ஸ்கொலாஸ்டிகா கத்தினதுக்கு அடுத்த நிமிசம் எனக்கும் கேட்டுது. சில நாளு ரெண்டு நிமிசம் ஆகும், காத்து மாறி அடிச்சா அப்பிடித்தான். அவருக்கு இருமல் கொஞ்சம் கூடுதல், அது பீடியினால. நான் சொன்னாக் கேக்குறாரா?

ஆவணில ஒரு நாளு பாக்கேன், வள்ளத்துக்க முன்பக்கம் ஒரு மூங்கிக் கம்பு நிக்குது. ஆளுயரத்துக்கு மேல. அதுக்க உச்சியில சிவப்புத் துவர்த்து ஒண்ணு கட்டிருக்கு. நான் சிரிச்சிட்டேன். "இஞ்ச பாருங்க, எந்தக் கட்சில சேந்திய?"ன்னு கேட்டேன். அவரு, மத்த வள்ளக்காரனுவ சாரல்ல வந்து மோதிரக் கூடாதுல்லா, அதுக்குத்தாங்காரு. முப்பது வருசம் மோதாத மனுசன்! கடப்புறத்துல எல்லாவளும் சிரிப்பாளுவளேன்னு பாத்தேன், ஒருத்தியும் சிரிக்கல. அதான் எனக்கு அதிசயம். நான் அவருட்ட, "அத அவுத்துப் போடுங்க. சத்தமுள்ள மோட்டார் வாங்கி வச்சிட்டுக் கொடி எதுக்கு? பாக்குதவன் என்ன நெனப்பான்?"னு கேட்டேன். நான் ஒண்ணு சொல்லி அந்த மனுசன் மறுத்ததே கிடையாது. அன்னைக்கு மறுத்தாரு. எனக்க மூஞ்சிக்குப் பக்கத்துல வந்து, நெறுத்தி நெறுத்தி, "அது அங்க கெடக்கட்டும் வியாகுலம்"னாரு. இப்பம் கொஞ்ச நாளா அப்பிடித்தான், என்ன சொன்னாலும் எனக்க முன்னால வந்து நின்னு மூஞ்சியப் பாத்துச் சொல்லுதாரு. வயசாக வயசாக ஆசை கூடுது போல.

இன்னைக்கு நாகர்கோவிலுக்கு எதுக்கு வந்தேன்னு கேக்கியா? மகனும் மருமகளும் சேந்து அனுப்பினாவ. காது டாக்டரட்ட. டோக்கன் எல்லாம் முன்னாலயே போன்ல சொல்லி எடுத்து வச்சிட்டாவ. கூட வாறேன்னு மருமக நின்னா. எனக்குக் கையும் காலும் இருக்கு, நான் போயிட்டு வாறேன்னு சொல்லிட்டு வந்தேன். எனக்குக் காதுல ஒண்ணும் இல்ல, அதச் சொல்லிட்டு வருவோம்னுதான் வந்தேன். பதினேழாம் நம்பர். பெஞ்சுல இருந்தேன், இருந்தேன், மத்தியானம் ஆச்சு. எனக்குப் பின்னால வந்தவனெல்லாம் உள்ள போயி மருந்துச்சீட்டோட வாறான். போயிக் கேட்டா, அந்த நர்சுப் பொண்ணு முப்பத்தொண்ணுல நிக்குதா. பதினேழ மூணு மட்டம் கூப்பிட்டாளாம், நான் வரலியாம்! காது டாக்டருக்க வீட்டுல இருந்துட்டு அப்பிடியா பையக் கூப்பிடுவா? "இருங்கம்மா, கடைசியில விடுதேன்"னு ஒரு தாள்ல எழுதிக் காட்டினா. போட்டியும் வேண்டாம் பூசையும் வேண்டாம்னு எறங்கி வந்துட்டேன்.

என்ன அப்பிடிப் பாக்க? நீயும் எனக்க வீட்டுக்காரரு மாதிரிப் பாக்க.

சரி. நீ எங்க ஊரு தாண்டிப் போற பிள்ள. ஒங்கிட்ட சொன்னா எங்க ஊருக்கு வராது.

போன வாரம் புதன்கிழம. சாரல் இல்ல, காத்தில்ல, கடலு எண்ணெய் மாதிரிக் கெடந்துது. நான் எனக்க எடத்துல இருக்கேன். சத்தத்துக்குக் காத்திருக்கேன். வரல. பாத்துட்டே இருக்கேன், தூரத்துல ஒரு சிவப்பு தெரிஞ்சுது, நகத்தளவு. அது பெருசாச்சு. கம்பு தெரிஞ்சுது. அவருக்க தலை தெரிஞ்சுது. கைப்பிடியப் பிடிச்சிட்டு நிக்குதாரு, வாயத் துணியால கட்டிட்டு. பின்னால புகை போவுது. வள்ளம் மணல்ல வந்து ஏறுது. மோட்டாரத் தூக்கி மடக்குதாரு. அது வரைக்கும் சத்தம் வரல மக்களே. துணிதான் வந்துது. முதல்லருந்து கடைசி வரைக்கும் துணிதான் வந்துது.

எனக்குப் பயமா இருந்துது. பயத்தோட கூட ஒரு சந்தோசமும் இருந்துது. அண்ணனுக்காக இருந்த இருப்பு இனி எனக்கு இல்ல, கண்ணு இருக்க வரைக்கும் இல்லன்னு தோணிச்சு. அந்த மனுசன் குளச்சல் கடையிலயே எல்லாத்தையும் தெரிஞ்சு வச்சிருக்காரு. தெரிஞ்சிட்டே, நெஞ்சு கெட்டாலும் கெடட்டும்னு அந்தப் புகைய வாங்கிருக்காரு. எனக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. நான் ஜெயிச்சதாவே விட்டுட்டாரு.

அதுக்காக நான் தோத்துட்டேன்னு நெனச்சிராத. அமரத்துக்குக் கனம் ஆகாதுங்கது இப்பமும் நியாயந்தான். தாசையன்ட்ட சொல்லிருக்கேன், தை பிறந்த உடனே பலகைய மாத்திப் பைபர் அடின்னு. எதுக்குன்னு கேட்டான். அடின்னு சொன்னா அடி, எந்த மோட்டார் மாட்டணும்னு நான் பெறவு சொல்லுதேன்னேன். மோட்டார் எடுக்கது இந்த வீட்டுல நான்தான். ஊமை மோட்டாரானாலும் நான் எடுத்தாத்தான் அது ஏறும்.

இந்தப் பொதியா? தொட்டுப் பாரு. துணிதான். டாக்டரு வீட்டுலருந்து நேரா ஜவுளிக் கடைக்குத்தான் போனேன். அங்க ஒரு பையன் பிங்கு, ஆரஞ்சுன்னு எடுத்துப் போடுதான். கடுஞ்சிவப்பு எடுன்னேன். அதுக்கும் மேல, அதுக்கும் மேலன்னு கடைசியில இத எடுத்தான். கண்ணு கூசுதா? கூசட்டும். அஞ்சு மீட்டர். அந்தப் பழைய துவர்த்து உப்புக்காத்துல வெளுத்து மண் நிறமாப் போச்சு, மீன் துடைச்ச துணி மாதிரி ஆடிட்டு வருது. சகாயமாதா வள்ளம் அப்பிடியா வாறது? கொடி கெட்டணும்னா கொடி மாதிரி கெட்டணும். இன்னைக்கே மிசின்ல ஓரம் அடிச்சு, ரெண்டு மடிப்பாத் தைச்சு, நாளைக்குக் காலையில வள்ளம் எறக்கதுக்கு முன்னால நானே கம்புல ஏத்திருவேன். அந்த ஸ்கொலாஸ்டிகா கத்தட்டும் பாப்போம் எனக்கு முன்னால. அவளுக்குச் சத்தம் வாறதுக்குள்ள எனக்கு வள்ளமே வந்திருக்கும்.

வெளிய இருட்டிட்டு வருது, இல்லியா? தெங்கு மட்டும் தெரியுது. இந்தக் கண்டக்டர் எந்த ஊரு வந்தாலும் சொல்லவே மாட்டான், வாய்க்குள்ள முனகுவான். மணக்காட்டுத்துறை வந்தா நீ எனக்க கையத் தொட்டுச் சொல்லிரு மக்களே.